வடிவம்மாளின் திங்கட்கிழமை

1986 ஜூன் மாதம். திருவனந்தபுரம் இ.எஸ்.ஐ. மருத்துவ போர்டின் முன் வடிவம்மாள் மூன்றாவது தடவையாக உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷம் நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பிரித்தவள். மாடிப்படியில் மூன்று இடத்தில் நின்று நின்றுதான் ஏறி வந்திருந்தாள். பையில் மில் அனுப்பிய நோட்டீஸ் இருந்தது. தொடர்ந்து உடல்நலம் இல்லாததால் உன்னை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்று கேட்டிருந்தார்கள்.

வெறும் நோய் என்றால் மில் அவளை அனுப்பிவிடலாம். வேலையால் வந்த ஊனம் என்று போர்டு எழுதிவிட்டால் அது அவ்வளவு சுலபமில்லை. பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோயைச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதை நிரூபித்த ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

போர்டின் தலைவர் டாக்டர் பட்டாபி, வலியசாலை அக்ரகாரத்துக்காரர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“சுத்தமா இருக்கேம்மா. இது ஆஸ்த்மா. கை போச்சு, கால் போச்சுன்னா ஊனம்னு எழுதலாம். இதை என்னன்னு எழுதறது? லீவுல இருக்கறச்சே எப்படி இருக்கு?”

“கொஞ்சம் கொள்ளாம், இளைப்பு கொறவு.”

“பாத்தேளா! வந்து வந்து போறது ஊனமாகுமா?” என்று கோப்பை மூடினார்.

வடிவம்மாள் குறுக்கிட்டாள். “சார், நீங்க எப்பவும் வியாழக்கெழமைதான் கூப்பிடுதிய. திங்கக்கெழமை என்னைப் பாத்ததில்ல.”

“திங்கக்கிழமை என்ன?”

“ஞாயித்துக்கெழமை லீவுல்லா. மறுநா உள்ள போனா மத்தியானத்துக்குள்ள நெஞ்சில கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கும். செவ்வா, பொதன்ல கொஞ்சம் விடும். ஆஸ்த்மாவுக்குக் கெழமை தெரியுமா, சார்?”

பட்டாபி கோப்பை மறுபடி திறந்தார். அவள் வந்த தேதிகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு உத்தரவு எழுதினார்: வரும் திங்கட்கிழமை அவள் ஒரு ஷிப்டு வேலை செய்ய வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் மூச்சை அளக்க வேண்டும்.

படியிறங்கும்போது யூனியன் ஆபீஸ் டைப்பிஸ்ட் ரோஸ் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “சேச்சி, மூணு மாசமா லீவுல இருக்கீங்க. திரும்பி அந்த ரூமிலயா? பற்றுமோ, உங்களால முடியுமா?”

வீட்டில் கணவன் தங்கப்பன் கத்தியே விட்டான். “உசிரக் குடுத்தா சர்ட்டிபிகேட் வாங்கணும்?”

“வாங்காட்டாலும் அது போய்க்கிட்டுதான இருக்கு,” என்றாள்.

திங்கள் காலை ஏழு மணிக்கு மில் டிஸ்பென்சரியில், போர்டு அனுப்பிய டாக்டர் ஆறுமுகநயினார் அவளை மூச்சளக்கும் மீட்டரில் ஊதச் சொன்னார். முந்நூற்றுப் பத்து. பிறகு மில் மானேஜரும் சேர மூவரும் பஞ்சு அறைக்குப் போனார்கள். தரை கழுவி ஈரமாக இருந்தது. ஜன்னல்கள் திறந்து கிடந்தன. பஞ்சுப் பொதிகளில் பாதியைக் காணோம்.

“இது எங்க ரூம் இல்ல, சார்,” என்றாள் வடிவம்மாள்.

மானேஜர் சிரித்து மழுப்பினார். ஆறுமுகநயினார் சிரிக்கவில்லை. “தினமும் நடக்குற மாதிரி வேலை நடக்கணும். இல்லேன்னா, கழுவி வச்ச ரூமைத்தான் பாத்தேன்னு எழுதிருவேன்.”

பொதிகள் திரும்பி வந்தன. ஜன்னல்கள் மூடின. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் தூசி எழுந்தது.

பத்து மணிக்கு இருமல் தொடங்கியது. பன்னிரண்டுக்கு அவளால் ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஒரு மணிக்கு, உதட்டில் நீலம் படர்வதைக் கண்டு டாக்டர் போதும் என்றார். ஷிப்டு முடிய மணி மூன்றாக வேண்டும் என்று அவள் விரலால் காட்டினாள். பாதியில் நிறுத்தினால் அதையே சாக்காகச் சொல்வார்கள் என்ற பயம். அவர் கேட்கவில்லை, கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து மீட்டரை வாயில் வைத்தார். நூற்றெண்பது. மானேஜரையும் பார்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தங்கப்பன் பக்கத்திலேயே இருந்தான்.

போர்டின் முடிவை ரோஸ்தான் கொண்டுவந்து வாசித்தாள். தொழிலால் வந்த நோய், நிரந்தரமான பகுதி ஊனம். தங்கப்பன் அதை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னான்.

மில் நோட்டீஸைத் திரும்பப் பெற்று, பேக்கிங் பிரிவில் லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தது. வடிவம்மாளின் மூச்சு திரும்பவில்லை. கோயில் படி ஏறுவதை விட்டுவிட்டாள். ஆனால் அந்த வருஷமே பஞ்சு அறையிலிருந்து நான்கு பெண்கள் மனுப் போட்டார்கள். அவர்களோடு போர்டு ஆபீசுக்கு அவளும் போனாள், நின்று நின்று.