வாசலில் கிடந்த செருப்பு

“டீச்சர், புகை எந்தப் பக்கம்?”

ஐந்தாம் வகுப்பு மாரீஸ்வரி எழுந்து நின்று என்னிடம் கேட்டாள். ஜன்னல் கம்பிகள் அப்போதுதான் அதிர்ந்து அடங்கியிருந்தன. கரும்பலகை விளிம்பிலிருந்து சாக்பீஸ் தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. சத்தம் வந்துவிட்டது. கந்தக வாடை இன்னும் வந்து சேரவில்லை.

சிவகாசிப் பக்கம் பாடம் நடத்தியவர்களுக்குத் தெரியும்... வெடிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் உடனே அழமாட்டார்கள். முதலில் திசை பார்ப்பார்கள். அம்மா வேலைக்குப் போகும் பட்டாசுக் கம்பெனி எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் அத்துப்படி.

புகை கிழக்கே எழுந்தது. மாரீஸ்வரியின் அம்மா முத்துமாரிக்கு வேலை கிழக்கே.

“ஒண்ணுமில்லம்மா, உக்காரு” என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றார்.

பெரிய டீச்சர் என்றால் எங்கள் தலைமை ஆசிரியை. என்னைவிட வயதில் இளையவர். கறாரான ஆள். அரை நாள் லீவுக்கு அத்தனை கேள்வி கேட்பார். ஆசிரியர் அறையில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘இன்ஸ்பெக்டர்’.

“கிழக்கதான் புகை. யாருக்கு என்னன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் நானே வந்து சொல்லுதேன். அதுவரைக்கும் யாரும் வெளிய போகக் கூடாது.”

அவ்வளவுதான். போய் கேட்டைப் பூட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் முத்துமாரியின் தம்பி வந்தார். சைக்கிளை ரோட்டிலேயே சாய்த்துவிட்டு ஓடிவந்தார். கையில் ஒரு ஜோடி செருப்பு. அறுந்துபோன ஒரு வாரை ஊக்கு மாட்டி வைத்திருந்த பெண்கள் செருப்பு.

“எங்கக்கா போயிட்டா டீச்சர்! புள்ளய அனுப்புங்க!”

“நீங்க முகத்தப் பாத்தீகளா?” பெரிய டீச்சர் கேட்டார்.

“செருப்பு அங்கனயே கெடந்துச்சுங்கேன். அப்புறம் என்னத்தப் பாக்கணும்?”

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்குள் செருப்புக் காலோடு போக முடியாது, உராய்வே ஆபத்து. எல்லோரும் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அதனால் விபத்து என்றால் சொந்தக்காரர்கள் நேரே செருப்புக் குவியலுக்குத்தான் ஓடுவார்கள். செருப்பு அங்கேயே கிடந்தால் ஆள் இல்லை என்று முடிவுகட்டி, அங்கேயே ஒப்பாரி தொடங்கிவிடும்.

“தப்பிச்சு ஓடுறவ செருப்பத் தேடிக்கிட்டா நிப்பா? செருப்பத்தான பாத்தீக. அத வச்சு நான் புள்ளகிட்ட என்னன்னு சொல்ல?”

“ஒங்க வீட்டுல நடந்தா இப்படித்தான் பேசுவீகளா?”

பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. “கேட்டப் பூட்டிக்கிட்டு வாத்தியாரம்மா சட்டம் பேசுதாக!” என்று ஒருவர். “மனுசிதானா இவ?” என்று இன்னொருவர். பெரிய டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

“இவரோட பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. கண்ணால பாத்தத மட்டும் வந்து சொல்லுங்க.”

தீக்காய வார்டில் எல்லா முகங்களும் ஒன்றுபோல் இருந்தன... அதற்கு மேல் எழுத வேண்டாம். நாங்கள் ஒரு கட்டிலைத் தாண்டிப் போய்விட்டோம். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏலே... புள்ள எங்கலே?”

தம்பி கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது. சொந்த அக்காவை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போயிருந்தார்.

திரும்பி வந்து, பார்த்ததைச் சொன்னேன். டாக்டர் நம்பிக்கை தரவில்லை என்பதையும் சொன்னேன். பெரிய டீச்சர் வகுப்புக்குள் போய், மாரீஸ்வரியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

“அம்மா உசுரோட இருக்கா. ரொம்ப எரிஞ்சிருக்கு. பொழைப்பாளான்னு தெரியல. பாத்தா ஒனக்குப் பயமா இருக்கும். நான் கூடவே இருப்பேன். வாரியா?”

அவள் தலையாட்டினாள்.

வார்டில் முத்துமாரி மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்று. “சாப்ட்டியா?”

“சத்துணவுல முட்ட போட்டாகம்மா.”

மறுநாள் விடியும்போது முத்துமாரி இறந்துபோனாள். அதையும் பெரிய டீச்சர் வேறு யாரையும் சொல்லவிடவில்லை. சொன்ன சொல்படி அவரே வீட்டுக்குப் போய்ச் சொன்னார். முந்தின நாள் அவரைத் திட்டியவர்கள் அங்கேதான் நின்றிருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

பிற்பாடு நானும் தலைமை ஆசிரியை ஆனேன். தலைமைப் பண்பு பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். வண்ண வண்ணப் படங்கள் காட்டுவார்கள். பொறுப்பில் இருப்பவர் ஊர் முன்னால் “எனக்குத் தெரியல” என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. தெரிந்த பிறகு, கெட்ட சேதியை வேறு ஆளிடம் தள்ளிவிடாமல் தானே போய்ச் சொல்வது எப்படி என்றும்...

மாரீஸ்வரியைச் சில வருடங்கள் முன்பு இருக்கன்குடி கோயிலில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. “கடைசியா அம்மா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டேன் டீச்சர். அது போதும்” என்றாள்.

சத்தம் இப்போதும் கேட்கிறது. செருப்புகள் இப்போதும் வாசலில்தான் கிடக்கின்றன. கைபேசி மட்டும் புதிது. போன தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம், ஆம்புலன்ஸ் போய்ச் சேருமுன்பே எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண்ணின் படம் வந்துவிட்டது. பெயரும், ஆழ்ந்த இரங்கலும். அவளுடைய மகள் மதுரையில் படிக்கிறாள். ஊருக்கு வர பஸ் ஏறியதும் அதைப் பார்த்திருக்கிறாள்.

குழுவில் நான் கேட்டேன், “நீங்க பாத்தீகளா?”

“ஃபார்வர்டு டீச்சர்” என்று பதில் வந்தது.

அந்தப் பெண் இறக்கவில்லை. ஆனால் அது தெரியாமல் அந்த மகள் மதுரையிலிருந்து ஊர்வரை பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

அடுத்த முறை உங்கள் கைக்கு, இறந்துவிட்டதாக ஒரு பெயர் வந்தால், அனுப்பியவரிடம் இதையே கேளுங்கள்: “நீங்க பாத்தீகளா?” ஆமாம் என்ற பதில் வரும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள்.