சாவித்துவாரம் இல்லாத பூட்டு

பொருட்காட்சித் திடலில் அவளை எல்லாரும் சங்கிலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் என்ன பூட்டைக் கொண்டுவந்து அவள் கைகளைச் சங்கிலியோடு பூட்டினாலும், திரைக்குப் பின்னால் போய்ச் சற்று நேரத்தில் வெறும் கையை ஆட்டிக்கொண்டு வெளியே வருவாள். அதுதான் தொழில். ஐம்பதைத் தாண்டியும் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்டன.

முன்பெல்லாம் சங்கிலி சுற்றிவிடுவது கணவர். தோள்பட்டை தேய்ந்துபோனதும் அவர் வெளியூரில் மகனோடு போய் இருந்துவிட்டார். மகன் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலேயே வீடு. "நீயும் வந்துடேன்," என்று அவர் கேட்டபோது துணி மடித்துக்கொண்டிருந்தவள், வெடுக்கென்று சொல்லிவிட்டாள்.

"என்னைக்காவது ஒரு பூட்டுகிட்ட தோத்தா வரேன். அதுவரைக்கும் கூப்பிடாதீங்க."

"நீ எங்க தோக்கப் போற," என்று அவர் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவள் தோற்கவே இல்லை. சொன்ன சொல்லும் அவளும் மட்டும் இங்கே பழைய மாடி வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு ஆளுக்குச் சமைத்தால் எப்படியும் மிஞ்சியது. மிஞ்சியதை மறுநாள் சாப்பிட்டால் அன்றைக்கு அடுப்பு வேலை இல்லை; அடுப்பு வேலை இல்லாத நாள் நீண்டுகொண்டே போனது. மாலையில் ஆட்டம் முடிந்ததும் அவர் போன் பண்ணி, வெளியே வந்துவிட்டாளா என்று கேட்பார். வந்துட்டேன் என்பாள். சரி என்று வைத்துவிடுவார். வேண்டுமென்றே ஒரு பூட்டிடம் தோற்றுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பூட்டைக் கையில் வாங்கியதும் விரலுக்கு அந்த யோசனை மறந்துவிடும்.

அன்றைக்குச் சவாலுக்கு வந்தவர் ஒரு பூட்டுக் கடைக்காரர். மேடையேறி, சட்டைப்பையிலிருந்து உருண்டையாக ஒன்றை எடுத்துக் காட்டினார். பூட்டுதான். ஆனால் சாவி போட ஓட்டை இல்லை, எண் திருகவும் வழி இல்லை. நடுவில் கறுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி.

"கைரேகைப் பூட்டுக்கா. என் விரலைத் தவிர ஆண்டவன் விரலை வெச்சாலும் திறக்காது."

"ஆண்டவனுக்கு எதுக்குங்க உங்க பூட்டு?" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

சாதாரணமாக மேடைக்கு வருகிறவர்கள் பெண்பிள்ளை கை வலிக்குமே என்று தளர்வாகச் சுற்றுவார்கள். அந்தத் தளர்வில் பாதி வேலை முடிந்துவிடும். இவரோ ஷட்டர் இழுத்துப் பூட்டிப் பழகியவர். கண்ணி கண்ணியாக இழுத்து இறுக்கி, பூட்டை மாட்டி அழுத்தினார்.

திரைக்குப் பின்னால் போனதும் அவள் வழக்கம்போலப் பூட்டைக் காதோரம் வைத்தாள். தன்னை மறந்து கொஞ்சம் பேசும் எல்லாப் பூட்டும். இது பேசவில்லை. கண்ணாடியில் தன் விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. திரும்பவும் பெருவிரலில் ஆரம்பித்தாள். பூட்டை எங்கேயாவது தட்டிப் பார்க்க அவள் மனம் இடம் கொடுக்காது. திரைக்குப் பின்னாலிருந்து டங்கென்று சத்தம் கேட்டால் சுத்தியல் வைத்திருக்கிறாள் என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். சத்தமில்லாமல் வேலை செய்து செய்து அதுவே மானமாகிவிட்டது.

வெளியே முதலில் கைதட்டினார்கள், பிறகு விசிலடித்தார்கள், பிறகு நாற்காலிகள் நகரும் சத்தம் வந்தது. கடைசியில் அவள் பூட்டிய கையோடே வெளியே வந்து, "முடியலைங்க," என்றாள்.

கடைக்காரர் பெருமையோடு தன் விரலை வைத்தார். ஒன்றும் எரியவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். அப்போதும் இல்லை.

"நீங்க நோண்டி நோண்டி பேட்டரிய தீத்துட்டீங்கக்கா. சார்ஜ் போடணும்."

"போடுங்க."

"இதுக்கு வயர் வேற மாதிரி. கடைல இருக்கு. கடை சாவி தம்பிகிட்ட இருக்கு. அவன் ஊருக்குப் போயிருக்கான்."

"பூட்டுக் கடைக்காரருக்கே கடை திறக்க வழியில்லையா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, மிச்சமிருந்தவர்களும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். பொருட்காட்சி மேனேஜர் சங்கிலியை வெட்டிவிடலாம் என்றார். "இதையும் வெட்டிட்டு எதை வெச்சுப் பொழைக்கிறது?" என்று சொல்லிவிட்டு, கைகளின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பஸ் ஏறினாள். பக்கத்து இருக்கைப் பெண் துண்டைப் பார்த்தாள், சங்கிலியைப் பார்த்தாள், மெல்ல எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

வீட்டுக் கதவை இரண்டு கையாலும் திறந்தாள். முந்தின நாள் சோற்றுப் பாத்திரம் தொட்டியில் கிடந்தது. மணிக்கட்டு இரண்டும் சேர்ந்திருக்க, அகலமான பாத்திரத்தைப் பிடிக்கக் கைகளை விரித்து இழுக்க வேண்டியிருந்தது. தண்ணீரோடு அதைத் தூக்கியபோது கை வழுக்கி, பூட்டு தொட்டியின் விளிம்பில் ணங்கென்று இடித்தது.

பூட்டின் வளையம் வெளியே துள்ளிக்கொண்டு நின்றது.

அவள் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். சங்கிலியைத் தானே சுற்றி, மறுபடி பூட்டி, கைகளை விரித்து இழுத்தபடி ஓர் இடி. திறந்தது. இன்னொரு தடவை. அப்போதும் திறந்தது. மேடையில் ஒரே ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். இதைச் சொல்ல ஆள் தேடுவதுபோலத் திரும்பினாள். நாற்காலியில் மடிக்காத துணி இருந்தது.

போன் அடித்தது.

"என்ன, வெளிய வந்துட்டியா?"

திறந்த பூட்டு உள்ளங்கையில் ஈரமாக இருந்தது. பதில் சொல்வதற்குள் எதிர்முனையில் இரண்டு தடவை இருமிவிட்டார்.

"இல்லைங்க. திறக்கலை. தோத்துட்டேன்."

எதிர்முனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அப்போ இன்னும் கைல பூட்டோடயா இருக்க?"

"ஆமா."

"சாப்பிட்டியா? எப்படிச் சாப்பிட்டிருப்ப. எதையும் போட்டு நோண்டாத, கையக் கிழிச்சுக்கப் போற. முதல் பஸ்ஸுக்கு வரேன். பையன் கடைல சின்னச் சின்ன ஸ்க்ரூடிரைவர் எல்லாம் இருக்கு, எடுத்துட்டு வரேன்."

"வாங்க," என்றாள். வைத்தபிறகுதான் பொய் முழுசாக உறைத்தது. அவர் வரும்போது இது மேசையில் திறந்து கிடந்தால் என்ன சொல்வது? அதைவிட, இன்றைக்குத் தோற்கவில்லை என்றால் எந்த முகத்தோடு மகன் வீட்டுக்குக் கிளம்புவது?

காலையில் படிக்கட்டில் இருமல் கேட்டது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். அவள் அவசரமாகச் சங்கிலியைச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்கி, பூட்டை முழங்காலில் வைத்து அழுத்தினாள். கொஞ்சம்கூடத் தளர்வு விடவில்லை. தாழ்ப்பாளை முழங்கையால் தள்ளினாள்.

இளைத்திருந்தார். பையைக் கீழே வைத்துவிட்டு அவள் கைகளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"ஓட்டையே இல்லையே இதுல."

"அதான் திறக்கலை."

"யார் சுத்தினது?"

"அந்தக் கடைக்காரர்தான்."

அவர் சங்கிலியைப் பார்த்தார். அடுத்தவர் கையைக் கட்டுகிறவர்கள் வெளிப்பக்கமாக ஆரம்பிப்பார்கள். இது இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஆரம்பித்திருந்தது. தன் கையைத் தானே கட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் அப்படி வரும். அவருக்கு அது தெரியாமல் இருக்காது. அவள் தலை நிமிரவில்லை.

அவர் நாற்காலியிலிருந்த துணியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். அவளை உட்காரச் சொல்லி, எதிரே தரையில் அமர்ந்து, பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"பாவி," என்றார், "இப்படியா இறுக்கிக் கட்டுவான்?"