நெயில் பாலிஷ் போட்டுக்கொண்ட சிப்பு

தீசிஸ் அடித்துக் கொடுக்கும் தொழிலில், எழுதினவருக்கு டாக்டர் பட்டம். அடித்தவருக்குக் கழுத்து வலி. வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கேட்டில் "டி.டி.பி. செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. படிக்கிறபோது கூடவே தலையை ஆட்டுவீர்கள், அது போதும்.

மைசூர் யூனிவர்சிட்டி இருக்கிற ஊர். தடுக்கி விழுந்தால் ஒரு ரிசர்ச் ஸ்காலர் மேல்தான் விழ வேண்டும். என்னவர் காலை ஏழு மணிக்கு ஹெப்பாள் ஃபாக்டரி பஸ்ஸில் ஏறிவிட்டால் சாயங்காலம் வரை ஹால் என் ஆபீஸ். கான்வென்ட் படிப்பு, அதனால் ஸ்பெல்லிங் தப்பாது. பொறுமையையும் கற்றுக்கொடுக்கத்தான் அந்த சிஸ்டர்கள் பார்த்தார்கள்; பத்து வருஷம் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். இங்கே சொல்வதெல்லாம் தொண்ணூற்றொன்பதில், ஒரே ஒரு தீசிஸ் என் கையில் இருந்தபோது நடந்தவை.

தாளம் மாறியது

அந்தத் தீசிஸ் சரோஜாவுடையது; சொந்த ஊர் ஹனூர் பக்கம் ராமாபுரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஜூவாலஜி லெக்சரர், முப்பத்தெட்டு வயது. ஆறு வருஷம் காவிரியில் முழங்கால் தண்ணீரில் நின்று, கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிக் குஞ்சுகளை எண்ணியிருக்கிறாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எண்பத்தெட்டு அட்டவணை, பக்கத்துக்குப் பக்கம் படம். தசரா லீவு முடிந்து அடுத்த திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் ரிஜிஸ்ட்ரேஷன் காலாவதி, ஆறு வருஷமும் ஆற்றோடு போச்சு. என் கம்ப்யூட்டரோ ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் காபி கலந்து, குடித்து, டம்ளரையும் அலம்பிவிடலாம்.

அதை எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்தவர் சரஸ்வதிபுரத்து நாகேந்திரப்பா. ரேடியோ ரிப்பேரிலிருந்து டிவிக்கும் டிவியிலிருந்து கம்ப்யூட்டருக்கும் பிரமோஷன் ஆனவர். வீட்டில் கன்னடம், எங்களிடம் ஒரு மாதிரித் தமிழ். வந்தார், மூடியைக் கழற்றினார், "நெயில் பாலிஷ் இருக்கா அம்மாவ்ரே?" என்றார். ஐம்பது வயது மனுஷர் கேட்கிற கேள்வியா! நாத்தனார் கல்யாணத்துக்கு வாங்கிய மெரூன் குப்பியை எடுத்துக் கொடுத்தேன். சிப்பு இருக்கிற கறுப்பு அட்டையின் ஓரத்தில் வரிசையாகத் தங்கப் பட்டைகள். அதில் ஒரே ஒன்றின் மேல் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு வைத்தார். விஷயம் இதுதான்: மதர்போர்டு அறுபத்தாறு என்று தாளம் போட, சிப்பு அதை நாலரை மடங்காக்கி முந்நூறில் ஓடுகிறது. அந்தப் பட்டையை மூடிவிட்டால் மதர்போர்டு ஏமாந்து நூறு என்று தாளம் போடும். சிப்பு நானூற்றைம்பதுக்குப் போய்விடும். போயிற்று! வினாடிக்கு முப்பது கோடித் துடிப்பு, ஒரு சொட்டு மெரூனில் நாற்பத்தைந்து கோடி. படம் பளிச்சென்று திறந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அதன்மேல் முந்நூறு என்றுதானே அச்சடித்திருக்கிறது என்று கேட்டதற்கு நாகேந்திரப்பா சொன்னார்:

"மேலே எழுதினது கம்பெனியோட தைரியம். உள்ளே இருக்கறது சிப்போட தைரியம்."

ரொம்ப பிஸி

மூன்றாம் நாள் அந்தத் தைரியசாலி உறைந்துபோனது. மவுஸ் நகரவில்லை, கீபோர்டு செத்துவிட்டது. அணைத்துப் போட்டால் முக்கால் மணி ஓடும், மறுபடி உறையும். நாகேந்திரப்பாவுக்கு போன் போட்டேன். "சிபியு பிஸியா இருக்கா அம்மாவ்ரே?" என்றார். காலையிலிருந்து படமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், பிஸியாக இல்லாமல்? "ரொம்ப பிஸி" என்றேன். "அய்யய்யோ, பிஸி இறங்கற வரைக்கும் அதுல வேலை பண்ணாதீங்க" என்றார்.

நானும் கேட்டேனே அந்தப் பேச்சை! இரண்டு நாள், அரைமணிக்கொரு தரம் வேலையை நிறுத்திவிட்டு, கம்ப்யூட்டரை ஆன் செய்தபடியே விட்டு, கையைக் கட்டிக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் வேலை இல்லாமல் இருக்கிறது, நானும் வேலை இல்லாமல் இருக்கிறேன், பிறகும் ஏன் உறைகிறது என்று எரிச்சல். கடைசியில் அவரே வந்தார். சிப்பின் மேலிருக்கும் அலுமினியச் சீப்பில் விரலை வைத்து, வெடுக்கென்று எடுத்து உதறினார். "அப்பப்பா, இஷ்டு பிஸி!" அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறிற்று. கன்னட பிஸி! சூடு! இந்த ஊரிலேயே பிறந்து, ஞாயிறு தவறாமல் பிஸிபேளாபாத் கிளறுகிறவள் நான். கம்ப்யூட்டர் என்றதும் காது தானாகக் கான்வென்ட்டுக்குப் போய்விட்டிருக்கிறது. விரலை ஊதிக்கொண்டே அவர் சொன்னார்:

"நான் கன்னடத்துல சொன்னேன், நீங்க இங்கிலீஷ்ல கேட்டீங்க அம்மாவ்ரே."

பூ வேகிற வாசனை

பெரிய ஃபேன் வந்தது. சிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவே வெள்ளைக் களிம்பு புதிதாகத் தடவப்பட்டது. நாலு நாள் மூச்சு விடாமல் ஓடிற்று. ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. ஊரில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டும்போது, எனக்குச் சோறு போடுகிற கருவிக்கு ஒன்றும் இல்லையா? மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம், பெட்டிக்கு இரண்டு முழம் செவந்தி. முன்பக்கம் ஸ்விட்ச் மறைகிறதே என்று மாலையைப் பின்பக்கமாகத் தழையத் தழைய விட்டேன். பத்து மணிக்கு நாலாவது அத்தியாயம் திறந்தேன். சரோஜாவுக்கு லீவு உண்டு, எனக்கு ஏது?

மூன்று தரம் உறைந்தது. ஃபேனைத் திட்டினேன், களிம்பைத் திட்டினேன், நெயில் பாலிஷைத் திட்டினேன். ஃபாக்டரி பூஜையிலிருந்து பொரிப் பொட்டலத்தோடு திரும்பி வந்த என்னவர் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினார். "என்ன இது, பூ வேகற வாசனை வரது?" பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்தார். சூடு வெளியே வருகிற ஃபேன் வாய் முழுக்க என் செவந்தி. ஓரத்து இதழெல்லாம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. மாலையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். ஃபாக்டரியில் குவாலிட்டி செக்‌ஷன். எதையும் நீட்டிச் சொல்ல மாட்டார்.

"பூஜை பண்ணினே, சரி. மூக்கை ஏன்டி அடைச்சே?"

எதனால் என்று தெரிய வேண்டாமா

மாலை போனதும் உறைவது போயிற்று. வேறொன்று வந்தது. "இந்த புரோகிராம் சட்டவிரோதமான காரியம் செய்துவிட்டது" என்று இங்கிலீஷில் ஒரு பெட்டி குதிக்கும், அடித்ததெல்லாம் மூடிக்கொள்ளும். என் வீட்டு ஹாலில், என் கண் எதிரிலேயே! நான் ஒரு பழைய டயரியில் எழுத ஆரம்பித்தேன்: எத்தனை மணிக்கு, என்ன செய்கையில், அலுமினியம் சூடா இல்லையா. சூட்டுத் தொல்லை என்றால் முக்கால் மணி ஓடிப் பிறகு உறையும். இதற்கு நேரமும் இல்லை, காலமும் இல்லை; ஆன் செய்து ஐந்தாவது நிமிஷத்திலும் வரும், அலுமினியம் ஜில்லென்று இருக்கும்போதும் வரும். இது வேறு ஆசாமி என்று டயரியில் கோடு போட்டு வைத்தேன்.

நாகேந்திரப்பா வந்து, சிப்புக்கு வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினார், ஹார்ட் டிஸ்க் கேபிளை மாற்றினார், எல்லா அட்டையையும் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் சொருகினார். எல்லாம் ஒரே மூச்சில். சட்டவிரோதப் பெட்டி நின்றுவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தானே மாற்ற வேண்டும்? "மூணையும் சேர்த்து மாத்தினா, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று பிடித்துக்கொண்டேன். அவர் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டே, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்:

"சரியாச்சுன்னா எதுக்கம்மாவ்ரே தெரியணும்?"

நான் தண்ணியில நின்னனுங்க

வெள்ளிக்கிழமை காலை சரோஜா கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்தாள். பிரிண்ட் எடுத்த கட்டை மடியில் வைத்துப் புரட்டினாள். அறுபத்து மூன்றாவது அட்டவணையில் விரல் நின்றது.

"அக்கா, இது அஞ்சுங்க. ஏழு இல்லீங்க."

பக்கத்துக்கு நாற்பது எண். அதில் ஒன்று. எனக்குச் சுருக்கென்றது. "நான் தப்பா அடிச்சிருக்கேங்கிறியா?" என்றேன்.

"அய்யோ, அப்பிடி இல்லீங்க்கா. அன்னிக்கு மழை தூறிட்டு இருந்துச்சு. மூணாவது கல்லு. அஞ்சுதானுங்க இருந்துச்சு."

போன வாரம் எடுத்த பிரிண்டைத் தேடி எடுத்தேன். ஐந்து. இன்றைய பிரிண்டில் ஏழு. நடுவில் அந்த அட்டவணையை நான் தொடவே இல்லை. அந்த ஃபைலில் வேறு பக்கத்தைத் திருத்தி சேவ் செய்ததோடு சரி. நாகேந்திரப்பாவுக்கு போன் செய்தேன். அவர் இரண்டு எண்ணையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: கம்ப்யூட்டர் பாஷையில் ஐந்துக்கும் ஏழுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசமாம். பூஜ்யம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஒன்று. ஓட்டத்தில் அந்த ஒரு புள்ளி தடுமாறிவிட்டது.

உறைந்துபோனால் உறைந்தது என்று தெரியும். இது சிரித்த முகத்தோடு ஓடிக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறது. எண்பத்தெட்டு அட்டவணையில் இன்னும் எங்கெங்கே? திங்கட்கிழமைக்கு மூன்று நாள். "முந்நூறுக்கே போயிடலாமுங்களா?" என்றாள் சரோஜா. போகலாம். ஆனால் அந்த வேகத்தில் படங்கள் எல்லாம் பிரிண்ட் ஆகி முடிய புதன்கிழமை ஆகிவிடும். ஆயிரக்கணக்கான எண்ணில் இந்த ஒன்று மட்டும் எப்படியம்மா உன் கண்ணில் பட்டது என்று கேட்டேன். அவளுக்கு அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே படவில்லை.

"நான் தண்ணியில நின்னனுங்க்கா."

இருபது தரம் கூட்டல்

நாகேந்திரப்பாவை வாசலிலேயே நிறுத்தி, "இன்னிக்கு ஒண்ணொண்ணாத்தான்" என்று சொல்லிவிட்டேன். சோதனை நான் யோசித்தது: பெரிய அட்டவணை ஒன்றை இருபது தரம் காப்பி எடுத்து, ஒவ்வொன்றையும் கூட்டச் சொல்வது. இருபது விடையும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் எதையும் மாற்றாமல் செய்தோம். பதினெட்டு விடை ஒன்று, இரண்டு வேறு! ஒரு மெஷின் தப்பாகக் கூட்டுவதை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

வோல்டேஜை இன்னும் கொஞ்சம் ஏற்றினோம், மாறவில்லை, பழையபடி இறக்கிவிட்டோம். மூடியைத் திறந்துவைத்து, மேஜை ஃபேனை நேரே திருப்பினோம், மாறவில்லை. பிறகு மெமரி. உள்ளே விரல் நீளத்துக்கு இரண்டு மெமரிப் பட்டைகள்: ஒன்று கம்ப்யூட்டரோடு வந்தது, இன்னொன்று பிறகு வாங்கியது. புதியதைக் கழற்றினோம், நாலு விடை தப்பு. அதைச் சொருகிப் பழையதைக் கழற்றினோம். இருபதும் சரி. மறுபடி இருபது. மறுபடி இருபது. அத்தனையும் சரி. நானூற்றைம்பதிலேயே! இத்தனை நாள் நாங்கள் சந்தேகப்பட்ட சிப்பு, எண்ணில் ஒரு தப்பும் செய்யவில்லை. அறுபத்தாறு தாளத்துக்கென்று செய்த அந்தப் பழைய மெமரிப் பட்டை, நூறு தாளத்தில் எப்போதாவது ஒரு அடி தவறியிருக்கிறது. அவ்வளவுதான். நாகேந்திரப்பா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஏதோ சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்:

"பாவம் அம்மாவ்ரே, இதும் ஓடித்தான் பார்த்திருக்குது."

திங்கட்கிழமை

சனி, ஞாயிறு இரண்டு பகலும் சரோஜா அவளுடைய ஆற்று நோட்டுகளைப் பிரித்து எண்களைப் படிக்க, நான் திரையைப் பார்த்து "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே போனேன். நோட்டுகளில் தண்ணீர் பட்டு மை கலைந்த இடங்கள் உண்டு. அங்கே அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள், போன வாரத்துப் பிரிண்ட் அதற்குச் சாட்சி சொல்லிற்று. எண்பத்தெட்டு அட்டவணையில் இன்னும் மூன்று எண்கள் புரண்டிருந்தன. மூன்றில் இரண்டை, நோட்டைப் பார்ப்பதற்கு முன்பே அவள் பிடித்துவிட்டாள். எனக்கு எதையும் ரொம்ப நேரம் வியக்கிற சுபாவம் கிடையாது. அந்த இரண்டு நாளும் வியந்துகொண்டே இருந்தேன். வினாடிக்கு நாற்பத்தைந்து கோடி ஒரு பக்கம், கண்ணை மூடிக்கொண்ட இவள் ஒரு பக்கம்.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். யூனிவர்சிட்டி கவுன்டரில் இருந்த குமாஸ்தா பைண்ட் செய்த கட்டை வாங்கி, சீல் வைத்து, பக்கங்களை விசிறி மாதிரி ஓடவிட்டுப் பார்த்தார். எண், எண், எண். "யாரும்மா இதையெல்லாம் எண்ணிப் பார்க்கப் போறாங்க?" என்று சிரித்தார். சரோஜா ரசீதை வாங்கி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"யாரும் பாக்க மாட்டாங்க சார். அதனாலதானுங்க."

ஆக, இந்தத் தொழிலில் நான் கண்டது இவ்வளவுதான்: கம்ப்யூட்டர் நின்றுபோனால் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம், நிற்காமல் ஓடும்போதுதான் பக்கத்தில் ஒரு சரோஜா வேண்டும்.