பேட்டரிக்கு ஞானஸ்நானம்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்து ஆளாக்கியது ஏழு பிள்ளைகள். எட்டாவதாக இப்போது ஒன்றை வளர்க்கிறேன் – எங்கள் ரேடியோ பேட்டரி.

சிரிக்காதீர்கள். ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. கார் பேட்டரியை வைத்துத்தான் ரேடியோ பாடுகிறது. மற்ற வீடுகளில் பாட்டு முனகி அடங்குகிற வரை விடமாட்டார்கள்; அப்புறம்தான் புதுக்கோட்டைக்குச் சார்ஜ் போடத் தூக்குவார்கள். நான் பாதி இருக்கும்போதே பாட்டை நிறுத்திச் சார்ஜுக்கு அனுப்பிவிடுவேன். பிள்ளை பசியில் மயங்கி விழுந்த பிறகா சோறு போடுவோம்?

இதற்காக எதிர்வீட்டு அந்தோணியம்மாள் எனக்கு ஒரு பெயரே வைத்திருக்கிறாள்: ‘பாட்ட அளந்து ஊத்துற மகராசி’.

போன வாரம் ஒரு சேதி வந்தது. ஆலங்குடியில் டீச்சராக இருக்கும் என் கடைசி மகள் லூர்து, சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் பேசப்போகிறாள்... ஊரே எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டது.

வெள்ளிக்கிழமை செபம் முடித்து, வீட்டில் தெளிக்கத் தீர்த்த பாட்டிலை எடுத்தேன். காலி.

"தீர்த்தத்த யாரு எடுத்தது?"

"நான் பேட்டரிக்குல்ல தண்ணி ஊத்துனேன்" என்றார் வீட்டுக்காரர். "அந்த வெள்ள பாட்டிலு..."

பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். அது பக்கத்து பாட்டிலில் அப்படியே இருந்தது.

"சாமியாரு உப்பு மந்திரிச்சுப் போட்ட தண்ணிங்க அது. பேட்டரிக்கு உப்பு ஆகுமா? ஞானஸ்நானமா குடுத்தீங்க?"

"பேரு வைக்கல புள்ள. அதுவரைக்கும் விடு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் குரல் அல்லவா அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது?

மறுநாள் முதல் பஸ்ஸில் அவரையும் பேட்டரியையும் ஏற்றிவிட்டேன். சாய்க்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மத்தியானம் வரை வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

வந்து இறங்கினார். முகத்தில் சிரிப்பு.

"சார்ஜ் கடைக்காரன் உள்ள இருந்த திராவகத்தக் கொட்டிக் கழுவிப் புதுசு ஊத்தி, சார்ஜும் போட்டுட்டான். ‘தகடெல்லாம் நல்லா இருக்கு, இத ஒருநாளும் காயவிட்டதில்ல போல. இல்லாட்டி இன்னைக்குள்ள ஏறாது’ன்னான்."

"யாரு வளத்தது?" என்றேன்.

சாயங்காலம் லூர்து பேசினாள். பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பது பற்றி. "எங்க அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனா எங்க யாரையும் பள்ளிக்கூடத்துக்குப் போகாம இருக்க விட்டதில்ல" என்றாள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ரேடியோ கடைசிச் சொல் வரை முனகவே இல்லை.

பேச்சு முடிந்ததும் அந்தோணியம்மாள் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "மகராசி, இனிமேயாச்சும் பாட்டுப் போடலாமுல்ல?"

"போடலாம். பாதி வரைக்கும்."

பிள்ளையோ பேட்டரியோ, அடங்குவதற்கு முன்னால் கவனித்தால் சமயத்தில் பேசும்.

ஸ்டெல்லா, நான் சொல்லச் சொல்ல எழுதினாயே, எங்கே, ஒரு தடவை வாசி ஆத்தா. ஞானஸ்நானம் வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வாசி... தாத்தா பக்கத்து அறையில்தான் இருக்கிறார்.