மலைவேம்பில் கடைந்த பாப்பர்

எங்கள் பட்டறையில் கட்டிய லாரி பாடி எதுவும் இதுவரை பிளந்துகொண்டு திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமையடிக்கக் கூடாது என்பவர்கள் நாமக்கல்லுக்கு வந்து ஒரு பாடியைக் கட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும். ஏட்டில் இருப்பதைவிட அதிகமாகத்தான் ஏற்றுவார்கள் என்று தெரிந்தே, ஒரு போல்ட் போதுமான இடத்தில் இரண்டு போடுகிறவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம்தான் அந்தமான் கடலில் என் மானத்தை வாங்கப் பார்த்தது.

மீன் பைத்தியத்தை எனக்கு ஒட்டிவிட்டவன் என் மச்சினன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறான். ஆயிரம் அடி துளைத்தும் புகை மட்டுமே கிளம்புகிற ஊர்களில் நின்று நின்று, தண்ணீர் மேலேயே கிடக்கிற இடத்தைப் பார்க்க அவனுக்கு ஆசை வந்துவிட்டது. போனில் வீடியோ பார்த்துத் தூண்டில் பழகினான். தீவுகளை ஒட்டிய பவளத் திட்டுகளில் பெரும்பாறை என்றொரு மீன் இருக்கிறதாம். அதைப் பிடிக்க இரை வேண்டாம், பாப்பர் போதும் என்றான். பாப்பர் என்பது ஒரு சாண் நீளக் கட்டை மீன். அதன் முகம் கிண்ணம்போல் குழிந்திருக்கும். தூரமாக வீசி வெட்டி வெட்டி இழுத்தால், அந்தக் குழி தண்ணீரை அறைந்து சத்தம் போடும். ஏதோ மீன் துள்ளுகிறது என்று நினைத்துப் பெரும்பாறை மேலே வந்து அடிக்கும்.

அவன் வாங்கி வைத்திருந்த வெளிநாட்டு பாப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைந்த கட்டை, நடுவே ஒரு கம்பி, கம்பியில் தொங்குகிற தூண்டில் முள், மேலே பெயின்ட். இதற்கு எதற்கு வெளிநாட்டுக்காரன்? எங்கள் பட்டறையில் எல்லாமே இருந்தது.

மேஸ்திரிக்கு என் வயதுதான். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து மரவேலை முழுக்க அவர் பொறுப்பு. எங்கள் இருவருக்கும் தினம் ஒரு சண்டை இல்லாவிட்டால் பட்டறைக்கு விடிந்தமாதிரி இருக்காது. எடை குறைந்த மலைவேம்பைத் தேர்ந்தெடுத்து அவரே கடைந்தார். பெயின்டர் லாரி முகப்பில் வரைகிற அதே முட்டைக் கண்ணை இரண்டு பக்கமும் வரைந்துவிட்டு, வால் பக்கம் பொடி எழுத்தில் ‘ஒலி எழுப்பவும்’ என்றும் எழுதினார். கட்டைக்குள் எவர்சில்வர் கம்பியைச் செருகி, முள்ளை மாட்டி, நட்டுப் போட்டது நான். தூரமாகப் போய் விழட்டும் என்று, முகத்துப் பக்கம் மூன்று பித்தளை வாஷர்களையும் சேர்த்து முடுக்கினேன்.

பட்டறைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டதும் பாப்பர் தலைகுப்புற முழுகி, வாலை மட்டும் ஆட்டியது. எல்லாரும் சிரித்தார்கள், மேஸ்திரியைத் தவிர.

“மூஞ்சியில பாரம் வெச்சா முங்கத்தானுங்க செய்யும். வாலுப்பக்கம் வெயிங்க, வாயத் தூக்கிக்கிட்டு நிக்கும்” என்றார்.

“இது தொட்டித் தண்ணி. கடல்ல உப்புத் தண்ணி, தானா மெதக்கும். நீ கடலப் பாத்திருக்கறயா?”

“கடலப் பாக்கலீங்க. தண்ணியப் பாத்திருக்கறனுங்க.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நான் மட்டும் என்ன கண்டேன், ராமேஸ்வரத்தில் ஒரு முங்கு போட்டதோடு சரி. ஆனாலும் விடவில்லை. “இது இப்படியேதான் போகும். இப்படியே மீனும் கடிக்கும். கடிக்கலீன்னா, நீ சொன்னதுதான் சரின்னு நானே என் வாயால சொல்றேன்” என்று அத்தனை பேர் முன்னாலும் சவால் விட்டேன். அதைக் கேட்டுப் பெயின்டர் வாயைப் பிளந்தார். நான் தப்பை ஒத்துக்கொண்டதாக எங்கள் பட்டறையில் ஒருவரும் கேட்டதில்லை.

அந்தமானில் படகு கிடைத்தது ஒரே ஒரு நாளுக்கு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை. படகுக்காரர் தமிழர். தாத்தா காலத்திலேயே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். பிடிக்கிற பாறை மீனைப் படம் எடுத்ததும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அவர் சட்டம். என் பாப்பரைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

“அண்ணே, இதுக்கு நங்கூரம் தனியா வேணாமே” என்றார். மச்சினன் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தான்.

காலையில் முதல் தீவை நெருங்கியதும் வீசினேன். ஊரில் சோளக்காட்டுத் தட்டைக்கு நடுவே ஒரு மாதம் வீசிப் பழகிய கை. நல்ல தூரம் போனது, விழுந்தது, முங்கியது. உப்புத் தண்ணீராவது ஒன்றாவது! இழுக்க இழுக்கத் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொழுமுனை மாதிரி உழுதபடி வந்தது, சத்தமே இல்லை. இருபது தடவை வீசியும் அதே கதை. தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. 

அந்தப் பக்கம் மச்சினனின் பாப்பரை ஒரு மீன் வந்து அடித்தது. தண்ணீர் வெடித்ததுபோல் எழும்ப, அவன் அலற, ரீல் அதைவிட அலறியது. அரை நிமிடத்தில் தூண்டில் நரம்பு தொய்ந்துபோனது. சுற்றி எடுத்துப் பார்த்தால், முள் மாட்டியிருந்த வளையம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. வெளிநாட்டுச் சரக்கு! அவனுக்காக வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது பொய்.

மதியம் தாண்டி, கடைசித் தீவுக்கு வந்தோம். திரும்ப இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றார் படகுக்காரர். என் மடியில் கிடந்த பாப்பர் முட்டைக் கண்ணால் என்னையே பார்த்தது. மேஸ்திரி முறைப்பதுபோலவே எனக்குப் பட்டது. பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தேன். எங்கள் ஊர்க்காரன் கல்யாணத்துக்குப் போனாலும் பையில் ஸ்பேனர் இருக்கும். நட்டைக் கழற்றி, மூன்று வாஷர்களையும் உருவி, வால் பக்கம் மாட்டி முடுக்கினேன். படகுக்காரர் பீடி பற்றவைத்தார்.

படகோரமாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். வால் தாழ்ந்து வாயை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றது பாப்பர், மேஸ்திரி சொன்னது சொன்னபடியே.

நுரை அடிக்கிற திட்டின் ஓரத்தில் வீசி ஒரு வெட்டு வெட்டினேன். பளக்! அடிவயிற்றில் கேட்டது அந்தச் சத்தம். இரண்டாவது வெட்டு, மூன்றாவது வெட்டு. நான்காவதுக்குக் கையை இழுக்கும்போதே பாப்பர் இருந்த இடத்தில் கடல் குழிந்தது. ஒரு கரிய முதுகு புரண்டது. லோடு லாரி கியர் நழுவிப் பின்னால் உருளும்போது கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி இழுத்தது. மச்சினன் ஓடிவந்து என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். மீன் திட்டுக்குள் நுழைந்தால் நரம்பு அறுந்துவிடும் என்று படகுக்காரர் படகை வெளியே வெளியே நகர்த்தினார். எத்தனை நேரமோ தெரியாது. கம்பி அறும், நட்டுக் கழலும், கட்டை பிளக்கும் என்று நொடிக்கொரு பயம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. எது ஆகும்? எங்கள் பட்டறையில் கட்டியது ஆயிற்றே!

வெள்ளியும் கருமையுமாக, பலகை அகலத்தில் படகோரம் வந்து படுத்தது பெரும்பாறை. இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது என்றார் படகுக்காரர். கடைவாயில் எங்கள் பாப்பர். ஒரு பக்கக் கண் உரிந்துபோயிருந்தது, ‘ஒலி எழுப்பவும்’ அப்படியே இருந்தது. மீனைக் கட்டிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டேன். சிரித்தேனா அழுதேனா என்று படத்தைப் பார்த்தாலும் தெரியாது. தண்ணீரில் விட்டதும் வாலை ஒருதரம் வீசிவிட்டு உள்ளே போய்விட்டது.

“அண்ணே, நங்கூரம்னு சொன்னத மறந்துருங்க. எனக்கொண்ணு செஞ்சு அனுப்புவீங்களா?” என்று கேட்டார் படகுக்காரர்.

திரும்பும் வழியில் கரை தெரிந்ததும் போனில் சிக்னல் வந்தது. மச்சினன் என் காதோரம் குனிந்தான்.

“மாமா, போட்டோவ மட்டும் அனுப்பிருங்க. வாஷர் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஆருக்குத் தெரியப் போகுது?”

உண்மைதான். மீன் வாய்க்குள் பாதி போன பாப்பரில் வாஷரா தெரியும்? சவாலில் ஜெயித்துவிட்டேன் என்று காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியலாம். விரல் போட்டோ மேலேயே நின்றது. ஆனால் தொட்டியோரம் சிரிக்காமல் நின்ற அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது. மீனைக் கொண்டுவந்தது அந்த மனுசனின் பேச்சு. அதை நான் திருடிக்கொண்டால், பட்டறைப் பெருமையை அப்புறம் எந்த வாயால் பேசுவேன்?

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மீன் மாட்டியது என்றேன். 

“வாஷர வாலுப்பக்கம் மாத்தினதுக்கு அப்பறந்தான் மாட்டுச்சு. நீ சொன்னதுதான் சரி.”

 “நட்டு லூசாகலீங்களே?” என்று கேட்டார்.

“ஆகல.”

“அதுக்கு முன்னாடி என்னமோ சொன்னீங்களே, சத்தமாச் சொல்லுங்க. இங்க கம்ப்ரசர் ஓடுது, ஒண்ணும் காதுல உழுகல.”

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு. கம்ப்ரசர் எங்கிருந்து ஓடும்?

எழுந்து நின்று, படகுக்காரரும் மச்சினனும் பார்க்க, கடல் முழுக்கக் கேட்கிறமாதிரி இன்னொரு தரம் சொன்னேன்.