வாலடியில் ஒரு புள்ளி

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பொடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பொடி இல்லை, கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. பார்க்கிற வேலைதான் பொடி. கப்பல்காரர்கள் நடுக்கடலில் மெல்லிய வலையை இழுத்து, சிக்கியதை மருந்துநீரில் போட்டு ஜாடி ஜாடியாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். அந்தக் கூழிலிருந்து, முட்டையை விட்டு வந்து சில நாளே ஆன மீன்குஞ்சுகளைப் பொறுக்கி, இது விலை போகிற சாதி, இது உதவாக்கரை என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பிரிக்க வேண்டும். எந்தக் கடற்பரப்பில் எந்த மீன் எவ்வளவு பெருகுகிறது என்ற வரைபடமே அவள் பிரிப்பதை வைத்துத்தான். குஞ்சுகளோ எல்லாம் ஒரே ஜாடை. வாலடியில் கரும்புள்ளி இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டும்.

இத்தனை வருஷமாகக் கடலை ஜாடியில் பார்த்தவள் கப்பலில் கால் வைத்ததில்லை. யார் கூப்பிட்டார்கள்? கல்யாணப் பேச்சும் தட்டிப்போய்த் தட்டிப்போய்க் கடைசியில் பேச்சே நின்றுபோனது. மாடியில் ஒற்றை அறை, ஒரு கட்டில், வெள்ளையடித்த சுவர். தங்கை வெளியூரில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள். நினைப்பு வந்தால் போன் போட்டு, "சாப்பிட்டியா?" என்பாள். இவள் "ம்" என்றதும் வைத்துவிடுவாள்.

இந்தத் தடவை வந்த ஜாடிகளில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. கரையிலிருந்து வெகுதூரத்தில், கானாங்கெளுத்தி முட்டையிடும் என்று யாரும் நினைக்காத ஆழத்தில் எடுத்த ஜாடிகள் அவை. எந்தக் குஞ்சைப் பார்த்தாலும் வாலடியில் கானாங்கெளுத்திக்கு உரிய புள்ளி. பொடியக்கா ஒன்றும் ஏமாளி இல்லை. புள்ளியில் சந்தேகம் வந்தால் கண்வைக்கும் குழாயைத் திருகிப் பார்ப்பது அங்கே வழக்கம். கூடவே புள்ளியும் சுற்றினால் அது கண்ணாடியில் ஒட்டிய தூசி. சுற்றாவிட்டால் மீனுடையது. திருகினாள். புள்ளி அசையவில்லை.

தலைமை விஞ்ஞானி மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. "அக்கா, அடுத்த பயணம் நேரா அங்கதான். நீங்களும் வர்றீங்க. பிரிக்கிற வேலைய கப்பல்லயே வச்சுக்கலாம்!"

அன்றைக்கு முதல்முறையாக அவளே தங்கைக்குப் போன் போட்டாள். அதிலிருந்து பாருங்கள், தினமும் மணி அடித்தது. "பெரியம்மா, கப்பல்ல படுத்தா தொட்டில் மாதிரி ஆடுமா?" என்றாள் தங்கை மகள். "நல்லாருக்கீங்களா" என்பதோடு நழுவிவிடும் தங்கை புருஷன்கூட வாந்தி மாத்திரையைப் பற்றி வாய் ஓயாமல் பேசினார். பொடியக்கா ரப்பர் அடி வைத்த ஷூ ஒன்று வாங்கி, அறைக்குள்ளேயே போட்டு நடந்து பழகினாள். மனசு அப்படிக் குளிர்ந்து கிடந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது வெள்ளைச் சுவரில் எறும்பு ஒன்று தெரிந்தது. துணியால் துடைத்தாள். எறும்பு தள்ளிப் போயிற்று. மறுபடி துடைத்தாள், கூரைக்கு ஏறிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பினால் ஆகாயத்திலும் அதே எறும்பு.

அது எறும்பு இல்லை, அவள் கண்ணுக்குள்ளேயே இருக்கிற புள்ளி. குழாயைத் திருகினாளே, கண்ணைத் திருகிப் பார்த்தாளா? மைக்ராஸ்கோப்புத் தட்டில் மீனை நகர்த்தினால் கண்ணும் அதன் பின்னால் போகும், கண்ணில் இருக்கிற புள்ளியும் கூடவே போகும்.

சொல்லாமல் இருந்துவிடலாம். வலை காலியாக வந்தால் நீரோட்டம் மாறிவிட்டது என்று கப்பலில் அவர்களே சொல்லிக்கொள்வார்கள். அதற்குள் அவள் கடலைப் பார்த்திருப்பாள். அன்று முழுக்க இதையே புரட்டிப் புரட்டிப் போட்டாள். ஆனால் கப்பலையே பொய்யான இடத்துக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

மறுநாள் மேடத்தை இழுத்துவந்து தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். மேடம் ஒரு குஞ்சைப் பார்த்தார். இன்னொன்று, இன்னொன்று என்று பார்த்துக்கொண்டே போனார்.

"புள்ளியே இல்லையேக்கா."

"என் கண்ணுல இருக்கு மேடம்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "முதல்ல டாக்டரப் பாருங்கக்கா" என்றார். வயசானால் சிலருக்கு வருவதுதான், போகாது, பழகிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். பயணம் வேறு திசைக்கு மாறியது, அவளுடைய இடம் ஒரு சின்னப் பையனுக்குப் போயிற்று. அவளை ஜாடி கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஒருமுறை சொன்னதற்கே தெம்பெல்லாம் தீர்ந்துபோனது. தங்கை வீட்டாரிடம் இரண்டாவது முறை சொல்ல நாக்கு எழவில்லை.

"நாளைக்குத்தானே பெரியம்மா கப்பல்?"

"ஆமாடி."

தங்கை போனை வாங்கினாள். "கடல்ல சிக்னல் கிடைக்காதாமேக்கா. நாங்க கூப்பிடல. நீ திரும்பி வந்ததும் பேசு. ஜாக்கிரதை."

கப்பல் போய்விட்டது. பொடியக்கா ஜாடி கழுவிவிட்டு வந்து, சுவரைப் பார்த்துக் கட்டிலில் உட்காருகிறாள். அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் புள்ளியும் திரும்புகிறது. போன் மடியில் கிடக்கிறது. கப்பல் கரைக்கு வரும்வரை அதில் யாரும் கூப்பிட மாட்டார்கள்.