நுனி மணிக்குப் பால் பிடித்த நாள்

எங்கள் சித்திக்குக் கோதுமைக் கதிரின் நுனியைப் பார்த்தாலே கோபம் வரும். ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடி அறையில் தொட்டி தொட்டியாய்க் கோதுமை வளர்ப்பது அவள் வேலை. கதிரின் நடுவில் மணிகள் கொழுகொழுவென்று இருக்கும். நுனி மட்டும் பதராகவே நிற்கும். அதை நிரப்பிக் காட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அதற்கு அவள் நம்பியது சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனை. பூத்த கையோடு தெளித்தால் இளம் மணிக்குள் செல்கள் மளமளவென்று பெருகும். செல் பெருகினால் மாவு சேர இடம் கிடைக்கும். போன பருவத்தில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே நாளில் தெளித்துவிட்டு ஏமாந்தாள். ஒவ்வொரு கதிரும் தன் இஷ்டத்துக்குத்தான் பூக்கும் என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று. இந்த முறையும் பொய்த்தால் அறை தக்காளிப் பிரிவுக்குப் போய்விடும் என்று இயக்குநர் சொல்லிவிட்டார்.

சித்தியா விடுவாள்? தினமும் காலையில் கதிர் கதிராகக் குனிந்து பார்ப்பாள். மகரந்தப்பை மஞ்சளாய் வெளியே தொங்கினால் அன்றைக்கே தெளித்துச் சிவப்பு நூல் கட்டுவாள். ஒப்பிட்டுப் பார்க்கச் சில கதிர்களுக்கு வெறும் தண்ணீரும் வெள்ளை நூலும்.

"எங்க கல்யாண நாளை மறந்துட்டா. எந்தக் கதிர் எப்ப பூத்துச்சுன்னு கேளு, தூக்கத்துல சொல்லுவா" என்று சித்தப்பா என்னிடம் புலம்புவார்.

இயக்குநர் பார்க்க வந்த அன்று, சித்தியை வீட்டுக்கு அழைத்துப்போக நானும் அங்கே போயிருந்தேன். பக்கத்து அறைத் தக்காளிக்காரர் பல்லெல்லாம் தெரிய வாசலில் நின்றார். சித்தி முகத்தில் ஈயாடவில்லை.

இயக்குநர் வெள்ளை நூல் கதிரின் நுனியை நசுக்கினார். உமிதான் வந்தது. சிவப்பு நூல் கதிரின் நுனியை நசுக்கினார். பச்சை மணி பிதுங்கிப் பால் பீச்சி அவர் மூக்குக்கண்ணாடியில் அடித்தது. துடைக்காமலே அடுத்ததை நசுக்கினார். அதிலும் பால்!

"போதும் சார், எல்லாத்தையும் நசுக்கிட்டா அறுவடைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் சித்தி.

அவர் சிரித்துவிட்டார். "அறை உங்களுக்குத்தாம்மா. பத்தலைன்னா பக்கத்து அறையையும் எடுத்துக்குங்க."

"சார், அது என்னோடது!" என்று பதறினார் தக்காளிக்காரர்.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்து அறைக் கதவைத் திறக்கப் போய்விட்டாள்.